பட்டியலில் இல்லாத கொமாய்

எதுவிகிஸ் ஊரை விட்டுப் போனது 2018 மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. தீவைப் புயல் அடித்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. யாவ்கோ ஊருக்கு மேலே அவர்கள் இருந்த மலைச்சரிவுக்கு இன்னும் மின்சாரம் வந்து சேரவில்லை. நெரெய்தா பள்ளிச் சமையலறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெட்டி இரண்டையும் காரில் ஏற்றி அவளைப் போன்சே விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

வழியெல்லாம் எதுவிகிஸ்தான் பேசினாள். "புயல்ல வீடு போனவங்க தங்க, ஃப்ளோரிடாவுல ஹோட்டல் ரூமுக்கு அரசாங்கமே வாடகை குடுக்குதாம், கொமாய். ஏசி இருக்குமாம். நான் ஏசியப் போட்டுட்டுக் கம்பளியப் போத்திக்கிட்டுப் படுக்கப் போறேன் பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வேலை, அப்புறம் வீடு. எனக்கு அம்பத்தாறுதானே ஆகுது, என்ன கிழவியா?"

நெரெய்தாவின் மகள் லிஸ்மரிக்கு ஞானத்தாயாக நின்றவள் எதுவிகிஸ். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொமாய். இருபத்தெட்டு வருடமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூடப் பிறந்தவளோடு சொத்துத் தகராறு வரலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கொமாயோடு அப்படியெல்லாம் ஆகாது. அந்த மலையில் அப்படி ஆகி யாரும் பார்த்ததில்லை.

உள்ளே போகும் வரிசையில் நிற்கும்போது நெரெய்தா மென்று விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தாள். "சங்கத்துக் கடன்..."

"அதை நீ கட்டிடுவே. போ, மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைங்க தட்டோட நிக்கும்" என்றாள் எதுவிகிஸ். கட்டிப்பிடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்தக் கடன் 2016இல் வாங்கியது. தகரக் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுவதற்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்பதாயிரம் டாலர். சங்கத்தில் தனி ஆளை நம்பிக் கடன் கொடுக்க மாட்டார்கள், ஜாமீன் கேட்பார்கள். எதுவிகிஸ் கையெழுத்துப் போட்டாள். பத்தாதென்று, தான் உழைத்த காலமெல்லாம் அங்கே போட்டுவைத்த ஐயாயிரத்து இருநூறு டாலர் சேமிப்பையும் ஈடாக வைத்தாள். அடுத்த வருடம் புயல் வந்தது. நெரெய்தாவின் கான்கிரீட் கூரை அசையவில்லை. எதுவிகிஸின் தகரக் கூரை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அந்த ஐந்தரை மாதமும் அவள் நெரெய்தாவின் வீட்டில், தன் கையெழுத்தால் வந்த கூரைக்குக் கீழேதான் படுத்திருந்தாள். இதை இருவரும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

எதுவிகிஸ் போன பிறகு நெரெய்தாவின் மற்றக் கடன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை நீட்டின. புயலுக்கு அடுத்த வாரம் கிரெடிட் கார்டில் வாங்கிய ஜெனரேட்டர். அதற்குத் தினமும் ஊற்றிய பெட்ரோல். ஐஸ் கட்டி, டப்பா உணவு, காருக்கு மாற்றிய டயர். முதல் கார்டின் தவணையைக் கட்ட இரண்டாவது கார்டு, அதற்கு மூன்றாவது. பிறகு ஒரு நிதி நிறுவனம். அவளுக்குக் கையில் வருவது மாதம் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். சங்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஆகஸ்டில் கூட்டிப் பார்த்தாள்: இருபத்து நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த மாதமும் அடுத்த மாதமும் சங்கத் தவணை போகவில்லை.

கடன்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஏப்ரனின் பையில் அது அதிரும்போது கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடும். எத்தனை தரம் அதிர்கிறது என்று எண்ணுவாள். ஆறு அதிர்வு என்றால் கார்டுக்காரன், பத்தைத் தாண்டினால் நிதி நிறுவனம். ஒருநாள் போனை அரிசி மூட்டைக்குள் புதைத்துவைத்தாள். அது மூட்டைக்குள்ளிருந்தும் உறுமியது.

கூடச் சமைக்கும் புரா அதைப் பார்த்துவிட்டாள். "எடுத்து, நெரெய்தா செத்துட்டான்னு சொல்லேண்டி. எங்கண்ணன் அப்படி ரெண்டு தடவ செத்தான்."

"மூணாவது தடவ?"

"மூணாவது தடவ வக்கீல்கிட்டப் போனான். இப்ப உயிரோடதான் இருக்கான், குண்டாயிட்டான்."

மஞ்சள் கடுதாசி கொடுக்கிற அளவுக்கா நம் நிலைமை வந்துவிட்டது என்று நெரெய்தா இரண்டு வாரம் தூங்கவில்லை. வேலை போகும், பேப்பரில் பேர் வரும், பாதிரியார் பூசையில் வாசிப்பார் என்றெல்லாம் மனம் அதன் போக்கில் ஓடியது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, புராவின் அண்ணன் சொன்ன வக்கீல் இவெலிஸிடம் போனாள். பேக்கரிக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம். இவெலிஸ் நாற்பது வயதுக்காரி, வேகமாகப் பேசுவாள், பேசிக்கொண்டே ரொட்டி தின்பாள்.

"வேலை போகாது. திவால் மனு போட்டார்னு அரசாங்கம் ஒருத்தர வேலையவிட்டு எடுக்கக் கூடாது, சட்டம் இருக்கு. பேப்பர்ல யாரும் போடப் போறதில்ல. கோர்ட்டுக் கோப்புல இருக்கும், தேடிப் போறவன் பாக்கலாம். யாருக்கு அவ்வளவு பொழுது இருக்கு? குடியிருக்கிற வீடு உங்க பேர்ல, பத்திரம் சரியா இருக்கு. அதுக்குப் பாதுகாப்பு கேட்டு எழுதிடுவோம். கட்டில், அடுப்பு, துணிமணி, இதையெல்லாம் எடுத்துட்டுப் போக யாரும் வண்டி அனுப்ப மாட்டாங்க."

"கூப்பிடறது நிக்குமா?"

"மனு பதிவான நிமிஷத்துல நிக்கணும். போன் கூடாது, கடுதாசி கூடாது, கேஸ் கூடாது, சம்பளத்துல கைவைக்கக் கூடாது. மீறிக் கூப்பிட்டா என் நம்பரக் குடுங்க. எனக்குச் சண்டை போடப் பிடிக்கும்."

பிறகு இரண்டு விரலை நீட்டினாள். "திவால் சட்டத்துல ரெண்டு வழி. ஏழாம் அத்தியாயம், பதிமூணாம் அத்தியாயம். ஏழுன்னா, விக்கத் தக்க சொத்து இருந்தா வித்துக் கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. மிச்சக் கடன் ரத்து. உங்ககிட்ட விக்க ஒண்ணுமில்ல. நாலு மாசத்துல வெளிய வந்துடலாம். பதிமூணுன்னா, சம்பளத்துலேருந்து மாசாமாசம் ஒரு தொகை, மூணுலேருந்து அஞ்சு வருஷம் கட்டணும். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? ஏழே போதும். ஆனா எதுலயும் தப்பிக்காத கடன் சிலது இருக்கு. பிள்ளைக்குக் குடுக்க வேண்டிய ஜீவனாம்சம், பெரும்பாலான வரி பாக்கி, படிப்புக் கடன். அதெல்லாம் இருக்கா?"

"இல்ல."

"சரி. முக்கியமான விஷயம், எல்லாக் கடனும் பட்டியல்ல வரணும். இவனுக்குக் கட்டுவேன் அவனுக்குக் கட்ட மாட்டேன்னு நீங்களாப் பொறுக்கக் கூடாது. வேற யாராவது ஜாமீன் போட்ட கடன் இருக்கா?"

நெரெய்தா ரொட்டித் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள்.

பொய் சொல்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் காதில் பட்டியல் என்ற சொல் வேறுமாதிரி விழுந்தது: கைவிடப்போகிறவர்களின் பேர்வரிசை. கார்டுக்காரன் அதில் இருக்கலாம், நிதி நிறுவனம் இருக்கலாம். கொமாயை அதில் எழுதுவது அவள் முகத்தில் அறைவது போல. கொமாயின் கடன் கடனே கிடையாது, அது வாக்கு. மற்றதெல்லாம் ரத்தானால் சம்பளம் மிஞ்சும், சங்கத்துக்கு யாருக்கும் தெரியாமல் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

மனு போடுவதற்கு முன் ஒரு வகுப்பு உண்டு. போனிலேயே ஒன்றரை மணி நேரம் கேட்க வேண்டும். செலவில் எதைக் குறைக்கலாம் என்று ஓர் இளம்பெண் குரல் அவளிடம் கேட்டது. "வீட்டில் தேவையில்லாத விளக்குகளை அணைக்கலாமே" என்றது.

"பதினோரு மாசமா அணைச்சுதாம்மா இருந்துது" என்றாள் நெரெய்தா.

அக்டோபரில் மனு பதிவானது. அதோடு போன் வாயை மூடிக்கொண்டது. முதல் இரண்டு நாள் அந்த அமைதியே அவளை மிரட்டியது. போன் கெட்டுவிட்டதோ என்று புராவை விட்டு ஒரு தரம் கூப்பிடச் சொன்னாள்.

கடன்காரர் கூட்டம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பேர்தான் அப்படி, கடன்காரர்கள் யாரும் பொதுவாக வருவதில்லை, நீதிபதியும் இருக்க மாட்டார், கோர்ட் நியமித்த பொறுப்பாளர் ஒருவர் சத்தியம் வாங்கிக்கொண்டு சில கேள்வி கேட்பார், ஐந்து நிமிடம் என்று இவெலிஸ் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எதுவிகிஸ் கூப்பிட்டாள்.

"கொமாய், சங்கத்துலேருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு. உன் தவணை நிலுவையாம்."

"சம்பளம்... தள்ளிப்போச்சு."

"நான் அதுக்காகக் கூப்பிடல. இங்க ஹோட்டல் வாடகைய அரசாங்கம் நிறுத்திடுச்சு. ஒரு வீடு பாத்திருக்கேன். வீட்டுக்காரன் மூணு மாச வாடகைய முன்னாடியே கேக்கறான். சங்கத்துல போட்ட பணத்த எடுத்துக்கலாமான்னு கேட்டேன். உன் கடன் முடியற வரைக்கும் அது பூட்டுதானாம். அதோட, இன்னும் ஒரு மாசத்துல பாக்கி வரலன்னா அதுலேருந்தே கழிச்சுக்குவாங்களாம். கழிச்சது போகப் பாக்கியையும் நான்தான் கட்டணுமாம்."

"வெள்ளிக்கிழமை கட்டிடறேன்."

"நிஜமாவா?"

"வெள்ளிக்கிழமை."

போனை வைத்துவிட்டுப் பையைத் திறந்து எண்ணினாள். கையில் நாற்பது டாலர் இருந்தது. திவால் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சர்ச்சுக்கு உடுத்துகிற உடுப்பில் வந்திருந்தார்கள், ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. முன்னால் மேஜையில் பொறுப்பாளர். அறுபது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்திருந்தார். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு. நெரெய்தா அதையே பார்த்தாள். தனக்கு முன்னால் போன இரண்டு பேரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. மூன்றாவது கேள்வி எது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

பேரைக் கூப்பிட்டார். அடையாள அட்டையைப் பார்த்தார். வலது கையைத் தூக்கச் சொன்னார். உண்மையே சொல்வதாக அவள் சத்தியம் செய்தாள்.

"மனுவுல இருக்கறது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எல்லாக் கடனும் பட்டியல்ல இருக்கா?"

சொன்னால் கொமாய்க்குக் கோர்ட்டிலிருந்து கடுதாசி போகும், திவால் என்று அச்சடித்து. சொல்லாவிட்டால் கடவுள்மேல் பொய்ச் சத்தியம், அந்தச் சிவப்பு விளக்குச் சாட்சியாக. அப்போதும் சங்கம் கொமாயை விடப்போவதில்லை. பக்கத்தில் இவெலிஸ் அடுத்த கோப்பை எடுத்துவைக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஒண்ணு இல்லைங்க" என்றாள் நெரெய்தா.

இவெலிஸின் கை நின்றது. பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "எவ்வளவு?"

"ஆறாயிரத்து எண்ணூறு. கொமாய்க்கு. இல்ல, சங்கத்துக்கு. கொமாய் ஜாமீன்."

"ஏம்மா எழுதல?"

"அவ என் கொமாய், சார்" என்றாள்.

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "வாரத்துக்கு ஒரு கொமாய் இந்த அறையில காணாமப் போறாங்க. வக்கீலம்மா, பட்டியலத் திருத்திப் போடுங்க. மூணு வாரம் தள்ளிவைக்கிறேன்."

தாழ்வாரத்தில் இவெலிஸ் அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். "என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க? சத்தியம் பண்ணிட்டு உள்ள ஆமான்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா? கடன் ரத்தாகாமப் போகலாம். அதுக்கு மேலயும் போகலாம்."

"நான் அவளக் காப்பாத்தலாம்னு..."

"பட்டியல்ல போடாமயா? எழுதினா கட்டக் கூடாதுன்னு யார் சொன்னா? எழுதாட்டிதான் அவங்க அம்போ. கேளுங்க. ஏழுல ரத்தாகறது உங்க கடன் மட்டும். ஜாமீன் போட்டவர் கடன் அப்படியே நிக்கும். நீங்க சிரிச்சுக்கிட்டு வெளிய வரலாம், சங்கம் மறுநாளே அவங்க கழுத்தப் பிடிக்கும். பதிமூணுல அப்படி இல்ல. வீட்டுச் செலவுக்குன்னு வாங்கின கடனுக்கு யாராவது ஜாமீன் போட்டிருந்தா, தடை அவங்களுக்கும் சேத்து. திட்டத்துல அந்தக் கடன முழுசா கட்டறோம்னு எழுதினா சங்கம் அவங்களத் தொட முடியாது. கார்டுக்காரங்களுக்கு டாலருக்குச் சில காசு கிடைக்கும், மிச்சம் கடைசியில ரத்து. ஏழுலேருந்து பதிமூணுக்கு மாத்திக்க உங்களுக்கு வழி இருக்கு."

"எவ்வளவு நாள்?"

"அஞ்சு வருஷம். மாசம் நூத்தித் தொண்ணூத்தஞ்சு. தொடர்ந்து தவறினா கேசத் தள்ளிடுவாங்க. அவங்க மேல இருக்கற குடையும் அன்னிக்கே போயிடும்."

"அவ பணத்த இப்ப எடுத்துக்கலாமா? அவளுக்கு வீட்டுக்கு முன்பணம் வேணும்."

இவெலிஸ் குரலைத் தாழ்த்தினாள். "முடியாது. அது ஈடு. சங்கமும் எடுக்க முடியாது, அவங்களும் எடுக்க முடியாது. அஞ்சு வருஷம்."

நெரெய்தா வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் ஏறாமல் வெயிலிலேயே நின்று போன் செய்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஏழு, பதிமூன்று, ஐந்து வருடம், பூட்டு. மறுமுனையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"யார்கிட்ட முதல்ல சொன்னே?" என்றாள் எதுவிகிஸ்.

"புராகிட்ட."

"அப்புறம்?"

"வக்கீலம்மாகிட்ட."

"அப்புறம் அந்தக் கோர்ட்டு ஆளுகிட்ட. நாலாவதா எனக்கு. நான் உன் வீட்டுலதானே அஞ்சு மாசம் இருந்தேன். அப்பவே கார்டு கார்டா வாங்கிட்டு இருந்திருக்கே. எனக்கு ஐஸ் வாங்கினதும் அதுலதானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெந்நீரையே குடிச்சிருப்பேனே" என்றாள்.

போன் கட்டாயிற்று. அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து நெரெய்தா பதிமூன்றாம் அத்தியாயத்துக்கு மாறும் மனுவில் கையெழுத்துப் போட்டாள். திருத்திய பட்டியலில் சங்கத்தின் பேரும், ஜாமீன்தாரர் என்ற பத்தியில் எதுவிகிஸின் முழுப் பேரும் இருந்தன. அந்தப் பேரை அவள் மூன்று தரம் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள். அடுத்த கூட்டத்தில் எல்லாக் கடனும் இருக்கிறதா என்று கேட்டபோது ஆமாம் என்றாள்.

ஐந்து வருடம் என்பது அறுபது மணியார்டர். சம்பளம் வந்த அன்றே எடுத்து, ரசீதை பைபிளுக்குள் வைப்பாள். போய்ச் சேர்ந்ததா என்று இவெலிஸின் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். "போய்ச் சேந்துடுச்சு நெரெய்தாம்மா, போன மாசமும் சேந்துது, அதுக்கு முந்தின மாசமும் சேந்துது" என்று அங்கிருக்கும் பெண் பாடுவாள். கடன்காரன் கூப்பிட்ட காலத்தில் பயம் வெளியிலிருந்து வந்தது. இப்போது அது அவளுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. காய்ச்சல் வந்தால் பயம், கார் முனகினால் பயம். தான் ஒரு மாதம் இடறினால் விழப்போவது ஃப்ளோரிடாவில் இருக்கிறவள் தலையில்.

2020 ஜனவரியில் பூமி அதிர்ந்தது. வீட்டுப் பக்கச் சுவர் விரிசல் விட்டது. மூன்று வாரம் முற்றத்தில் கூடாரம் போட்டுப் படுத்தாள். தற்காலிகமாக முட்டுக்கொடுக்கவும் பூசவும் கொடுத்த காசில் இரண்டு மாதத் தவணை போயிற்று. கேஸைத் தள்ளுபடி செய்யக் கோரும் நோட்டீஸ் கூடாரத்துக்கே வந்தது. அதைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க மடியில் வைத்திருந்தாள். பிறகு இவெலிஸிடம் எடுத்துப் போனாள்.

"இதை வெச்சிட்டு நேத்தே வந்திருக்கணும்" என்றாள் இவெலிஸ். "திட்டத்த மாத்தலாம். நிலநடுக்கம் உங்க தப்பு இல்ல, அது கோர்ட்டுக்கும் தெரியும்." தவறிய தவணைகளை மீதி மாதங்களில் பரப்பினார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் நெரெய்தா, மாவுக்குள் இறைச்சி வைத்து அவிக்கும் பஸ்தேல் கட்டி விற்றாள். நூற்றுக்கணக்கான வாழையிலைப் பொட்டலம். அந்த வருமானத்தையும் இவெலிஸிடம் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள்.

எதுவிகிஸைப் பற்றி லிஸ்மரி மூலம் ஏதாவது காதில் விழும். வீடு கிடைக்கவில்லை. ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். ஹோட்டலில் அறை துடைக்கிறாள், முழங்கால் வலி. நெரெய்தா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்து அனுப்பினாள். படித்ததற்கான இரண்டு நீல அடையாளம் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது.

2024 பிப்ரவரியில் திட்டம் முடிந்தது. விடுவிப்புக்கு முன் கேட்க வேண்டிய கடைசி வகுப்பையும் போனிலேயே கேட்டாள். ஏப்ரலில் நீதிமன்றத்தின் விடுவிப்பு ஆணை வந்தது. புரா பள்ளிச் சமையலறையில் பாத்திரத்தைத் தட்டிக் கும்மாளம் போட்டாள். "இப்ப போன் அடிச்சா எடுப்பியாடி?"

"பழக்கம் போகல" என்றாள் நெரெய்தா. நிஜமாகவே போகவில்லை.

சங்கத்தில் கடன் தீர்ந்த சீட்டை வாங்கி, படம் எடுத்து எதுவிகிஸுக்கு அனுப்பினாள். நீல அடையாளம் வந்தது. மே போயிற்று, ஜூன் போயிற்று. கோடை முடிந்து பள்ளி திறந்தது. பதில் இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பையில் போன் ஒரு தரம் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கொமாய், சங்கத்துப் பணத்த எடுத்துட்டேன். ஒரு சல்லி குறையல. அன்னிக்கே கையில கிடைச்சிருந்தா வாழ்க்கை வேற மாதிரி இருந்திருக்கும், அதையும் சொல்லிடணும். கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு. வெச்சுக்கறேன். டிசம்பர் ஒம்பது எனக்கு முழங்கால் ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிப் பாரத்துல, ஏதாவது ஆனா யாரக் கூப்பிடணும்னு கேட்டாங்க. உன் பேரக் குடுத்துட்டேன், உன்னக் கேக்காமதான். ரெண்டு வாரம் லீவு கிடைக்குமான்னு பாரு."